கலங்களை அழைக்கும் கோபுரம்: கடலோர ரேடார் நிலையத்தைச் சிற்பமாக வடிவமைக்க முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கட்டடக்கலை படிக்கும் ஒருவர், கடற்கரை நெடுக நிற்கப்போகும் ரேடார் கோபுரங்களின் வரிசை ஒன்றைத் தன் இறுதியாண்டுத் திட்டமாக எடுத்திருக்கிறார். வெறும் இரும்புக் கம்பிக் கோபுரங்களாக இல்லாமல், கடலிலிருந்து பிறந்த சிற்பங்களாகவும் தொலைவிலேயே இனம் தெரியும் அடையாளங்களாகவும் அவை நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையில் மூன்று வரைவுகள் இருக்கின்றன: மடிந்து விழும் பேரலை, நீரைக் கிழித்து மேலெழும் திமிங்கில வால், நுனி மேலே பார்க்க நிற்கும் சங்கு. இவற்றில் எது ரேடாரின் வேலையைக் கெடுக்காது, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கிறார்.

சங்கிலிருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டும் அழகானவைதான். ஆனால் அவை கடலைத் தூரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணில் படும் காட்சிகள். சங்கு அலையின் அடியைத் தாங்கிக்கொண்டு வாழும் உயிர் கட்டிய வீடு. காற்றும் உப்பும் ஓயாமல் அடிக்கும் இடத்தில் நிற்கப்போகும் கட்டுமானத்துக்கு, அங்கேயே தாக்குப்பிடித்த உருவங்கள்தான் உண்மையான ஆசிரியர்கள். இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிவரை இறங்கி வந்து விளக்குகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல். கலங்கரை விளக்கம் என்கிறோம். காகம் கரைகிறது என்னும்போது வருகிற அதே ‘கரைதல்’தான் இதிலும் இருக்கிறது, அழைத்தல் என்று பொருள். கலங்களை அழைக்கும் விளக்கு. ரேடார் கோபுரம் அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அதுவும் அழைக்கிறது, அழைத்துவிட்டுப் பதிலுக்குக் காது கொடுக்கிறது. நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல்கூட ஒரு துடிப்பை அனுப்பி, கப்பலின் உடலில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரலையைக் கேட்கிறது. 1904ஆம் ஆண்டு ஜெர்மனியில் கிறிஸ்டியன் ஹுல்ஸ்மையர் கொலோன் நகரின் பாலத்தில் நின்று, ஆற்றில் வந்த கப்பலை வானொலி அலையின் எதிரொலியால் உணர்ந்து காட்டினார். கரையிலிருந்து துறைமுகத்தைக் கண்காணிக்கும் ரேடார்கள் 1948இல் பிரிட்டனுக்கு அருகில் உள்ள மான் தீவின் டக்ளஸிலும் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் வந்தன. ஆக, கலங்கரை விளக்கத்துக்கு ஈராயிரம் ஆண்டு வடிவ மரபு இருக்க, ரேடார் கோபுரத்துக்கு நூறாண்டு மரபுகூட இல்லை. இன்னும் முகம் வரையப்படாத ஒரு கட்டட வகையை நீங்கள் கையில் எடுத்திருக்கிறீர்கள். எனக்கு இது மிகுந்த மகிழ்ச்சி தருகிற விஷயம்.

இனி உச்சிக்கு வருவோம். ரேடாரின் தலையான ஆன்டெனா என்பது கிடைமட்டமாகச் சுழலும் ஒரு நீண்ட பட்டை. கடலோர நிலையங்களில் அதன் நீளம் பெரும்பாலும் 5, 6 மீட்டர் இருக்கும். பொதுவாக 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும். மழையையும் கடல் கொந்தளிப்பையும் ஊடுருவிப் பார்க்க 10 சென்டிமீட்டர் அலைநீளமும் பயன்படுகிறது. பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு கூர்மை. ஐந்தரை மீட்டர் பட்டை 3 சென்டிமீட்டர் அலையில் ஏறத்தாழ 0.4 பாகை அகலமுள்ள கற்றையைத் தரும். 20 கிலோமீட்டர் தொலைவில் அது சுமார் 140 மீட்டர் அகலம். அந்த அகலத்துக்குள் பக்கத்தில் பக்கமாக ஒரே தொலைவில் வரும் இரண்டு படகுகள் திரையில் ஒன்றாகவே தெரியும்.

கிடைமட்டத்தில் இவ்வளவு மெல்லிய இந்தக் கற்றை, மேலும் கீழுமாகப் பார்த்தால் தடித்தது. 20 பாகை அளவுக்கு விசிறி போல விரியும். வடிவமைப்பாளர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இந்த விசிறியைத்தான். ஆன்டெனாவின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ அருகில் என்ன நின்றாலும் அது விசிறியில் குறுக்கிடும். குறுக்கிட்டால் இரண்டு கேடு. ஒன்று நிழல்: அதற்குப் பின்னால் உள்ள கடற்பகுதி திரையில் இருளாகும். மற்றொன்று பொய் எதிரலை. இது நிழலைவிட மோசமானது, ஏனென்றால் இருளை யாரும் கப்பல் என்று நம்ப மாட்டார்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பங்கேற்ற ஒரு திட்டத்தில், பாய்மரத்தை நினைவூட்டும் பெரிய எஃகுத் தகடு ஒன்றைக் கோபுரத்தின் தோளில் நிறுத்தினோம். அதன் மேல்முனை ஆன்டெனாவின் மட்டத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ஆன்டெனா அந்தத் தகட்டின் பக்கம் திரும்பும்போதெல்லாம் கற்றை அதில் பட்டு வேறு திசைக்குத் திரும்பி, அங்கே நங்கூரமிட்டிருந்த கப்பலைத் தொட்டு, வந்த வழியே மீண்டது. திரையில் அந்தக் கப்பல் இரண்டு இடத்தில் தெரிந்தது: ஒன்று அது இருந்த இடத்தில், மற்றொன்று தகடு இருந்த திசையில், கப்பலே இல்லாத தண்ணீரில். இரவுப் பணியில் இருந்தவர்கள் அந்த இல்லாத கப்பலை வானொலியில் கூப்பிட்டுக் களைத்துப்போனார்கள். கடைசியில் தகட்டின் மேற்பகுதியை அறுத்து எடுத்தோம். சிற்பமும் முடமானது. வரைபலகையில் ஒரே ஒரு கோடு இழுத்துப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அந்தக் கோடு இதுதான். ஆன்டெனாவின் நடுப்புள்ளியிலிருந்து, கிடைமட்டத்துக்குக் கீழே 15 பாகை சரிவில், சுற்றிலும் ஒரு குடை விரியுங்கள். உங்கள் சிற்பம் முழுவதும் அந்தக் குடைக்குள் அடங்க வேண்டும். மின்னல் தாங்கி போன்ற மெல்லிய கம்பிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவையும் எங்கே நிற்கலாம் என்று ரேடார் பொறியாளரைக் கேட்டே வைக்க வேண்டும். இந்தக் குடையை உங்கள் மூன்று வரைவுகளின்மேலும் வைத்துப் பாருங்கள். திமிங்கில வால் மேலே போகப்போக விரிகிறது; குடையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. வாலுக்கு மேலே ஒரு கம்பம் நட்டு ஆன்டெனாவை உயர்த்தினால் கணக்கு சரியாகிவிடும், ஆனால் வால் வாலாக இராது. அலையும் அப்படித்தான், அதன் மடிப்பு உச்சியைத் தாண்டி முன்னே நீளுகிறது. சங்கு மட்டும் நுனியில் கூம்பி, கீழே வரவர அகலுகிறது. அது தானாகவே குடைக்குள் அமர்ந்துகொள்கிறது.

அலையை விடவே மனமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. பல இடங்களில் ரேடார் நிலத்தின் பக்கம் பார்க்கத் தேவையில்லை. அந்தக் கோணம் வரும்போது துடிப்பை நிறுத்திவைப்பது வழக்கமான ஏற்பாடு. ஆன்டெனாவுக்குப் பின்னால், நிலப்பக்கமாக, அலை எழுந்து நிற்கலாம். ஆனால் கற்றையின் ஓரங்களிலிருந்து கசியும் சிறு கற்றைகள் அப்போதும் அதில் படும். ஆகவே அதை உலோகத்தில் செய்யாதீர்கள். தட்டையாகவும் செய்யாதீர்கள். தட்டையான உலோகப் பரப்பு கண்ணாடி போல ஒரே திசையில் திருப்பி அடிக்கும். வெளிப்புறம் புடைத்த வளைவு, பட்டதைப் பல திசைகளில் சிதறடித்து வலுவிழக்கச் செய்யும். கடலில் தட்டையான பரப்புள்ள உயிர் எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கடலிலிருந்து வடிவம் எடுக்க விரும்புகிற உங்களுக்கு இந்த இடத்தில் இயற்பியலும் துணை நிற்கிறது.

ஆன்டெனாவை ஒரு கோளக்கூட்டுக்குள் மறைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரேடோம் எனப்படும் அந்தக் கூடு, கண்ணாடியிழை போன்ற, அலையை ஊடுருவ விடும் பொருளால் ஆனது. சுழலும் பட்டையையும் அதன் மோட்டாரையும் காற்றிலிருந்து காக்கும். கடல்முள்ளெலியின் ஓடு பலகோணத் தகடுகள் பொருந்திய கவிகை. ரேடோமும் பலகைகள் பொருந்திய கவிகையே. இந்த ஒப்புமை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முள்ளெலியின் தையல்கள் ஐந்து கதிர்களாக ஒழுங்காக ஓடும். ரேடோமின் தையல்களை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் அமைப்பார்கள், ஒரே மாதிரி இணைகோடுகள் சேர்ந்தால் எதிரலையில் கறை விழும் என்பதால். அதன்மேல் உலோகத்தூள் கலந்த வண்ணம் பூசவே கூடாது. முத்துப் போல மினுங்க வேண்டும் என்ற ஆசையில் பலர் இதில் தவறுகிறார்கள். மழையில் கூட்டின்மேல் படியும் நீர்ப்படலமும் அலையை உறிஞ்சும், அதனால் நீர் ஒட்டாத பூச்சு வேண்டும். ஐந்தரை மீட்டர் பட்டைக்குச் சுமார் ஏழு மீட்டர் கோளம் தேவைப்படும். அவ்வளவு பெரிய உருண்டையைக் கழுத்தின் உச்சியில் வைத்தால் காற்றின் தள்ளுவிசை பன்மடங்காகி, அது அடித்தளத்தின் அளவில் போய் முடியும். மிதமான காற்றுள்ள கரையில் பட்டையைத் திறந்தே விடுவேன். அது சுழல்வதே பார்ப்பதற்கு அழகு. கோபுரம் உயிரோடு இருக்கிறது என்று அது சொல்கிறது.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ரேடாரின் தொடுவானம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆன்டெனாவின் உயரம், இலக்கின் உயரம் இரண்டையும் மீட்டரில் எழுதி, தனித்தனியாக வர்க்கமூலம் எடுத்து, அந்த இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 25 மீட்டர் உயர ஆன்டெனா 4 மீட்டர் உயரப் படகைச் சுமார் 29 கிலோமீட்டர்வரை காணும். கோபுரத்தை நான்கு மடங்காக்கி 100 மீட்டர் ஆக்கினாலும் 49 கிலோமீட்டர்தான். ஆகவே கம்பீரத்துக்காக உயரம் கேட்காதீர்கள். குன்றோ மேடோ இருந்தால் அதில் 20 மீட்டர் கோபுரம் போதும். நல்ல சிற்பத்துக்கும் அந்த உயரம் நல்லது. மனித உடலோடு ஒப்பிடக்கூடிய அளவில் இருக்கும்.

அடுத்தது கழுத்து. உச்சி அசைந்தால் ரேடார் தவறும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி அசைந்தால் தவறும் என்பதைச் சிலரே யோசிக்கிறார்கள். பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் ஆடினால் பெரிய கேடில்லை. முறுக்கினால்தான் கேடு. உச்சி செங்குத்து அச்சைச் சுற்றி வெறும் 0.1 பாகை திரும்பினால் 20 கிலோமீட்டரில் இலக்கு 35 மீட்டர் விலகித் தெரியும். முறுக்கத்தைத் தாங்குவதில் மூடிய குழாயே வல்லது. நெடுக ஒரு பிளவு விட்டுத் திறந்தால் அதே குழாய் முறுக்கத்துக்கு முற்றிலும் பலவீனமாகிவிடும். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி முறுக்கிப் பாருங்கள், ஓரத்தை ஒட்டிவிட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள். கை உடனே சொல்லிவிடும். சிப்பி வாய் திறந்தது போல நெடுகப் பிளந்த கோபுரங்களை மாணவர்கள் விரும்பி வரைகிறார்கள். உள்ளே ஒரு மூடிய தண்டு இல்லாமல் அவை ரேடாருக்கு உதவாது.

இந்தக் கழுத்தில்தான் சங்கு தன் பெருமையைக் காட்டுகிறது. வழுவழுப்பான வட்டத் தூணைக் காற்று கடக்கும்போது, பின்புறத்தில் இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழல்கள் பிரியும். அவை பிரியும் தாளம் தூணின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போனால் தூண் காற்றுக்குக் குறுக்காக ஆடத் தொடங்கும். 3 மீட்டர் விட்டமும் நொடிக்கு 0.7 அதிர்வும் உள்ள கோபுரத்துக்கு அந்த ஒத்திசைவு நொடிக்கு 10.5 மீட்டர் காற்றில், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் நேரும். புயல்கூட இல்லை, கடற்கரையில் வாரத்துக்குப் பல நாள் வீசக்கூடிய காற்று. அதனால்தான் அபாயம்: ஆட்டம் சிறிதாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, பற்றவைப்புகளில் விரிசல் விடச் செய்யும்.

இதற்கு மருந்தை 1950களில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் ஸ்க்ரூட்டன் கண்டார். தூணைச் சுற்றி மூன்று வரம்புகள், அதாவது வயல் வரப்பு போலப் புடைத்த விளிம்புகள், சுருளாக ஏற வேண்டும். ஒவ்வொரு வரம்பும் தூணின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும், ஐந்து விட்ட உயரத்துக்கு ஒரு முறை சுற்றிவர வேண்டும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு மட்டத்திலும் சுழல் வெவ்வேறு இடத்தில் பிரிந்து, ஒன்றோடொன்று சேராமல் சிதறிவிடும். ஆலைப் புகைபோக்கிகளின் மேற்பகுதியில் நீங்கள் பார்த்திருக்கும் சுருள் இதுதான். மேல் மூன்றில் ஒரு பங்குக்கு இருந்தாலே போதும். விலை இல்லாமல் இல்லை: காற்றின் நேர்த் தள்ளுவிசை கூடும், அடித்தளம் அதற்கேற்பப் பெரிதாகும்.

உங்கள் சங்கு வரைவைத் திரும்ப எடுங்கள். நுனியிலிருந்து சுருண்டிறங்கும் வரம்பு அதில் அலங்காரமாக இருக்கிறது. அதையே மூன்றாக்கி, மேலே சொன்ன அளவுகளுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது அது கோபுரத்தை நிறுத்துகிற உறுப்பு. மேலே குறுகி வரும் வடிவமும் இதற்கு உதவும், விட்டம் மட்டத்துக்கு மட்டம் மாறுவதால் சுழலின் தாளமும் மாறிப்போகும். யாராவது செலவைக் குறைக்கச் சொல்லி அந்தச் சுருளை நீக்கச் சொன்னால், நீக்க முடியாது என்று பொறியாளரே உங்களுக்காக வாதாடுவார். சிற்ப வடிவம் கட்டுமானத்தில் தப்பிப் பிழைக்க இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

சங்கை விட்டால் எனக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் ஆழ்கடலில் இருக்கிறார். வீனஸின் பூக்கூடை என்று பெயர் பெற்ற கண்ணாடிக் கடற்பஞ்சு. சிலிக்கா இழைகளால் பின்னிய உருளைக் கூடு. சதுரக் கட்டங்கள், அவற்றை வெட்டிச் செல்லும் இரட்டை மூலைவிட்டங்கள், வெளியே சுருளாக ஏறும் வரம்புகள். பல கூடுகளுக்குள் இறால் இணை ஒன்று வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும். அந்த இரட்டை மூலைவிட்டப் பின்னல், அதே அளவு பொருளில் கட்டிய வழக்கமான பின்னலைவிட 20 சதவீதத்துக்கு மேல் வலிமையாக நின்றதாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் வழியாகவும் அதைச் சுற்றியும் நீர் எப்படி ஓடுகிறது என்பதைக் கணினியில் உருவகப்படுத்திய ஆய்வு 2021இல் வந்தது. அதன் வடிவம் நீரோட்டத்தின் விசையைக் குறைக்க உதவுகிறது என்று தெரிந்தது. திறந்த கம்பிக் கோபுரமே வேண்டும் என்று ஓர் ஊர் சொன்னால் நான் இந்தக் கூடையைத்தான் முன்வைப்பேன். காற்று அதன் ஊடே போய்விடும், மாலை வெயிலில் நிழல் பின்னல் பின்னலாகத் தரையில் விழும்.

கம்பிப் பின்னலுக்கு மனிதர் கண்ட நல்ல வடிவமும் ஒன்று உண்டு. ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் ஷூகவ், இன்றைய உக்ரைனில் டினீப்பர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1911இல் 64 மீட்டர் உயர அட்சிகோல் கலங்கரை விளக்கத்தை அமைத்தார். உடுக்கையின் இடைபோல ஒடுங்கிய உருவம். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு கம்பியும் நேர்க்கம்பி. சாய்த்து நிறுத்தியதால் மட்டுமே வளைவு பிறக்கிறது. ஜப்பானின் கோபே துறைமுகத்தில் 1963இல் எழுந்த 108 மீட்டர் கோபுரமும் இதே இனம், அதுவும் இடை ஒடுங்கிய ஒரு ஜப்பானியக் கைமுரசின் நினைவில் பிறந்ததுதான். நேர்க்கோட்டில் பிறக்கும் வளைவு என்பது களத்தில் பெரிய வரம். வளைந்த கம்பிக்கு ஆலை வேண்டும், நேர்க்கம்பியை எவரும் வெட்டிப் பொருத்தலாம். கான்கிரீட்டிலும் அப்படியே, நேர்ப்பலகைகளாலேயே அச்சு அடைக்கலாம்.

இங்கே எடிஸ்டோன் பாறையின் கதையைச் சொல்லாமல் கடக்க என்னால் முடியாது. இங்கிலாந்தின் பிளிமத்துக்கு அப்பால் நடுக்கடலில் உள்ள பாறை அது. ஹென்றி வின்ஸ்டன்லி அங்கே முதல் விளக்கை 1698இல் ஏற்றினார். மாடங்களும் அலங்காரங்களும் நிறைந்த கோபுரம். 1703 நவம்பரில் வந்த பெரும்புயல் அதை அடியோடு கொண்டுபோனது. உள்ளே இருந்த வின்ஸ்டன்லியும் போனார். அடுத்து நின்ற மரக்கோபுரம் 1755இல் தீக்கிரையானது. பிறகு வந்த ஜான் ஸ்மீட்டன், ஓக் மரத்தின் அடிமரம் வேரை நோக்கி விரிந்து மண்ணில் இறங்கும் பாங்கைப் பார்த்தார். அந்த வளைவில், ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் கற்களால் கட்டி 1759இல் விளக்கேற்றினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது நின்றது. கடைசியில் தளர்ந்தது கோபுரமல்ல, அதற்கு அடியில் இருந்த பாறை. மேற்பகுதியைப் பிரித்து எடுத்துவந்து பிளிமத் கரையில் மறுபடி நிறுத்தினார்கள், இன்றும் அந்த ஊரின் அடையாளம் அதுதான். ஸ்மீட்டன் அடையாளச் சின்னம் கட்டப் புறப்படவில்லை. மரம் எப்படி நிற்கிறது என்று கேட்டார், அவ்வளவுதான்.

இதே போல வேலைக்காகவே பிறந்து சிற்பமாகிப்போனவை இங்கிலாந்தின் டெஞ்சில் கடலைப் பார்த்து நிற்கும் கான்கிரீட் ஒலியாடிகள். 1928இலிருந்து 1930வரை கட்டப்பட்டவை. வரும் விமானத்தின் ஓசையைக் குவித்துக் கேட்க வைத்த மாபெரும் கிண்ணங்களும், 60 மீட்டர் நீள வளைசுவர் ஒன்றும். ரேடார் வந்ததும் வேலை இழந்தன. ஆனாலும் இன்றும் மக்கள் அவற்றைப் பார்க்கவே போகிறார்கள். காது கொடுத்துக் கேட்கும் பாவனை அந்தக் கான்கிரீட்டில் உறைந்து நிற்கிறது. நம் காலக் கட்டடங்களில், போர்ச்சுகலின் கொன்சாலோ பைர்ன் லிஸ்பன் துறைமுகத்துக்காக வடிவமைத்து 2001இல் முடிந்த கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கட்டாயம் பாருங்கள். கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. அலையும் இல்லை, மீனும் இல்லை, ஒரே ஒரு சாய்வுதான். கரையில் நின்று கூர்ந்து பார்ப்பவரின் உடல்நிலை அது.

இனி தோல். கடற்கரையில் கட்டடங்களைக் கொல்வது காற்றைவிட உப்புதான். காலப்போக்கில் துருவே கவசமாகும் வகை எஃகைச் சிற்பிகள் மிகவும் விரும்புவார்கள். கடலோரத்தில் அது வேண்டாம். உப்பு படிந்துகொண்டே இருப்பதால் துரு உறையாமல் உரிந்துகொண்டே போகும். சாதாரணத் துருப்பிடிக்காத எஃகிலும் தேயிலைச் சாயம் போன்ற பழுப்புக் கறை படரும். மழை கழுவாத இடுக்குகளில்தான் அது முதலில் தோன்றும், ஆகவே உங்கள் சுருள் வரம்பின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அலுமினியத்தையும் எஃகையும் நேரடியாகத் தொடவிட்டால் உப்புநீர் நடுவில் மின்கலம் போலச் செயல்பட்டு அலுமினியத்தைத் தின்றுவிடும், இடையில் காப்புப்பட்டை வேண்டும். கான்கிரீட் என்றால் கம்பிக்கு மேல் குறைந்தது 50 மில்லிமீட்டர் மூடாக்கு வையுங்கள். நெருக்கமான, நீர் குறைந்த கலவையாக இருக்கட்டும். ஒவ்வொரு வரம்பின் விளிம்பிலும் நீர்ச்சொட்டு ஓரம் ஒன்று செதுக்குங்கள். அது இல்லாவிட்டால் ஐந்தே ஆண்டில் கறைக்கோடுகள் உங்கள் வடிவத்தை வேறு யாரோ வரைந்தது போல மாற்றிவிடும். கிடைத்தட்டுகள் எங்கும் வேண்டாம், கடற்பறவைகள் அங்கே குடியேறும்.

பராமரிப்பாளரை மறந்துவிடாதீர்கள். அலையைக் கடத்தும் உலோகக் குழாயில் நீளம் கூடக்கூட ஆற்றல் வீணாவதால், ரேடாரின் மின்னணுப் பெட்டியைப் பெரும்பாலும் உச்சியிலேயே வைக்க வேண்டியிருக்கும். ஆக ஆன்டெனாவுக்கு அடியில் ஒரு சிறு அறை தேவை, மோட்டாரைக் கழற்றி இறக்கக் கொக்கி தேவை, மழையில் நனையாமல் ஏற உள்ளே படி தேவை. சங்கின் உட்சுழலில் படிகள் அமைவதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை. பொதுமக்களுக்குப் பார்வைமாடம் வைப்பதென்றால் அது கற்றையின் விசிறிக்கு மிகக் கீழே, தனி வாசலோடு இருக்கட்டும்.

கடைசியாக, யாருக்கான அடையாளம் என்ற கேள்வி. கரையில் நடப்பவர்களுக்கு மட்டும் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மாலுமி தன் கண்ணால் கரையை இனம் காண்பது இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் உள்ள கலங்கரை விளக்கங்களுக்கு 1873இல் வெவ்வேறு வண்ணக்கோலம் கொடுத்தார்கள்: கேப் ஹாட்டரஸுக்குக் கருப்பு வெள்ளைச் சுருள், போடி தீவுக்குக் கிடைப்பட்டைகள், கேப் லுக்அவுட்டுக்குச் சாய்சதுரங்கள். பகலில் பார்த்தவுடன் எந்தக் கரை என்று தெரிந்துவிடும். உங்கள் வரிசையிலும் கோபுரங்கள் ஒரே இனமாகவும், அதற்குள் ஒவ்வொன்றும் தனி முகமாகவும் இருக்க வேண்டும். தண்டும் தலையும் அடித்தளமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகட்டும், செலவும் அடங்கும். சுருள் இடம் போகிறதா வலம் போகிறதா, எத்தனை சுற்று, வரம்புக்கு என்ன நிறம் என்பவை மாறட்டும். வலம்புரியையும் இடம்புரியையும் ஒரே பார்வையில் பிரித்தறியும் கண் நம்மிடம் இருக்கிறது. கடலில் இருப்பவருக்கும் அது போதும். அருகில் ஏற்கெனவே கலங்கரை விளக்கம் இருந்தால் அதன் உருவத்திலிருந்தும் நிறத்திலிருந்தும் விலகியே நில்லுங்கள். இரண்டும் குழம்பினால் அழகான கோபுரம் ஆபத்தான கோபுரமாகும்.

இரவு ஒளியிலும் அதே எச்சரிக்கை. மின்னி மறையும் விளக்கு, சிவப்பு, பச்சை இவையெல்லாம் கடலில் பொருள் உள்ள சொற்கள். அலங்காரத்துக்கு அவற்றை எடுத்தாளக் கூடாது. ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் குஞ்சுகள் ஒளியை நோக்கி நிலத்துக்குள் போய்ச் சாகும். அங்கே கீழ்நோக்கி மறைத்த, மங்கிய மஞ்சள் கலந்த செவ்வொளி மட்டுமே வைக்கலாம், பொரிக்கும் பருவத்தில் அதையும் அணைத்துவிடுவது நல்லது.

எனவே அடுத்த வாரம் செய்ய வேண்டியவை இவை. ஒவ்வொரு இடத்துக்கும் தேவையான ஆன்டெனா உயரம், அது பார்க்க வேண்டிய கோணங்கள், பார்க்கத் தேவையில்லாத கோணங்கள் ஆகிய மூன்றையும் ரேடார் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் குடையை வரைந்து அதனுள் சங்கை வையுங்கள். பிறகு ஐம்பதில் ஒரு பங்கு அளவில் களிமண்ணில் மூன்று வரம்புச் சுருளோடு ஒரு மாதிரி செய்து, மேசையின் மறு கோடிக்குப் போய்க் கண்மட்டத்தில் குனிந்து பாருங்கள். படகிலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் கோபுரம் அங்கிருந்துதான் தெரியும்.